கீரிக்குப் பாதிக் கட்டணம்

ஒரு காட்டில் ரயில் ஓடியது. காலையில் ஒரு விரைவு வண்டி. அதன் பின்னாலேயே, கண்ட மரத்தடியிலெல்லாம் நின்று போகும் பாசஞ்சர். அந்தக் காட்டு ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு புதரில் கீரிப்பிள்ளைத் தம்பதி குடியிருந்தார்கள். கணவர் செங்கோடன். மனைவி பாவாயி.

செங்கோடன் நல்லவர். குடிக்க மாட்டார், புறம் பேச மாட்டார், பாம்பைக் கண்டால் ஒதுங்க மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். எதையும் சொன்ன விலைக்கு வாங்க மாட்டார். மரங்கொத்தியிடம் வாசற்கதவு செய்யக் கொடுத்தபோது, சாவித் துவாரத்துக்கு மரம் செலவாகவில்லை என்று கூலியில் கழித்தார். கரடி தேன் விற்க வந்தால், "மொதல்ல ஈயை ஓட்டிட்டு எடை போடுங்க" என்பார். காட்டில் அவருக்கு இதனால் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் சொத்தாக நினைத்தார்.

பாவாயியின் தம்பி குமரேசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் பனங்காட்டில். ரயிலில் அரை நாள் தூரம்.

"ஏனுங்க, இன்னைக்கே டிக்கெட் எடுத்துடுங்க" என்றாள் பாவாயி. "இணைச்சீர் சடங்குக்கு நான் போய் நிக்கோணும். அக்கா வராம மாப்பிள்ளையை மணையில உக்கார வெக்க மாட்டாங்க."

"எடுத்துடலாம் புள்ள. விசாரிச்சுட்டு எடுக்கலாம்" என்றார் செங்கோடன்.

அந்த 'விசாரிச்சுட்டு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பாவாயிக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் ஓர் உடும்பு. பொறுமைசாலி. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார், சிரிக்க மட்டும் மாட்டார். அந்தக் காட்டில் காசு என்பது புங்கங்கொட்டை.

"விரைவு வண்டியில பனங்காட்டுக்கு என்னங்க ஆகும்?"

"இன்னைக்கு எடுத்தா ஆளுக்கு நாப்பது கொட்டைங்க."

"நாளைக்கு எடுத்தா?"

"அது இன்னைக்கு எத்தனை பேர் எடுக்கறாங்கங்கறதைப் பொறுத்துங்க. இடம் நெறைய நெறைய ஏறும்."

"இடம் அதே இடம்தானே?"

"அதே இடம்தானுங்க."

"வண்டி?"

"அதே வண்டி."

"அப்புறம் என்னதான் ஏறுது?"

"விலைங்க."

செங்கோடன் மீசையைத் தடவிக்கொண்டார். "செரி, இந்த நாப்பதுல என்னென்ன சேர்ந்திருக்கு?"

"அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், அதிவேகக் கட்டணம்."

"அதிவேகமா? போன மாசம் ஒரு நத்தை இந்த வண்டியைத் தாண்டிப் போனதை நானே பாத்தனுங்க."

"அதிவேகம் கட்டணத்துக்குங்க. வண்டிக்குன்னு நாங்க எங்கயும் சொல்லலை."

"வீட்ல இருந்தே செல்போன்ல எடுத்தா?"

"வசதிக் கட்டணம் சேருமுங்க."

"யாருக்கு வசதி?"

"எங்களுக்குங்க. நீங்க இங்க வந்து நின்னு இப்படிக் கேள்வி கேக்க மாட்டீங்க பாருங்க."

செங்கோடனுக்குப் பின்னால் வரிசை பாறையைச் சுற்றி வளைந்துவிட்டது. ஒரு மான் காலை மாற்றி மாற்றி நின்றது. அவர் அசையவில்லை.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. இடம் நெறையலைன்னா?"

"வண்டி கெளம்பறதுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால, காலியா இருக்கற இடத்தைத் தள்ளுபடியில குடுப்போம்."

செங்கோடனின் கண்கள் மின்னின. அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி ரகசியமாகச் சொன்னார்: "என்ற பேருக்கு முழு விலையில யாரு வந்து கேட்டாலும் டிக்கெட் குடுத்துடாதீங்க. என்ற சம்சாரமே வந்தாலும் குடுக்காதீங்க."

உடும்பு அதைக் குறித்துக்கொண்டார்.

வண்டி காலியாகப் போனால்தான் தள்ளுபடி. அதனால் வண்டியைக் காலியாக வைப்பது தன் பொறுப்பு என்று செங்கோடன் முடிவு செய்தார். அன்று மாலையே காடு முழுக்கச் சுற்றினார். முயல்களிடம் போனார். "பனங்காட்டு வண்டிக்கு இப்ப டிக்கெட் எடுத்துடாதீங்க. நான் சொல்லும்போது எடுங்க" என்றார். முள்ளம்பன்றி வீட்டுக்குப் போய், "அந்த வண்டியில சீட்டெல்லாம் பஞ்சு பஞ்சா இருக்கு, உங்களுக்குத் தோதுப்படாது" என்றார். மந்திகளிடம், "பனங்காட்டுல இப்ப என்ன இருக்கு? ஒரு கல்யாணத்தைத் தவிர ஒண்ணும் இல்லை" என்றார்.

அவர் தலை மறைந்ததும் முயல்கள் கூடிப் பேசின.

"செங்கோடனே வந்து எடுக்க வேண்டாம்னு சொல்றாரே?"

"அவரு சொல்றாருன்னா இப்ப விலை கம்மின்னு அர்த்தம்."

"ஓடு, ஓடு!"

மந்திகளுக்கு விலை நிலவரம் புரியவில்லை. கல்யாணம் என்ற சொல் புரிந்தது. பந்தி உண்டு என்பதால் குட்டி குருமானோடு கிளம்பிவிட்டன. பஞ்சு இருக்கையில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முள்ளம்பன்றிக்கு வெகு நாளாக ஆசை.

மறுநாள் செங்கோடன் போனபோது விலை அறுபது. அதற்கடுத்த நாள் எண்பது.

"எறங்கும் புள்ள" என்றார் பாவாயியிடம். "ஏறினது எறங்கித்தான் ஆகோணும்."

பாவாயி பரணில் எட்டி, மிளகாய்ப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டை எடுத்தாள். நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு டிக்கெட்டைக் கணவர் முன்னால் வைத்தாள்.

செங்கோடன் அதை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் போல ஆனது.

"முழு விலைக்கா புள்ள?"

"முழு விலைக்குத்தான்."

"எண்பதுக்கா?"

"ரெண்டு எடுக்கத்தானுங்க போனேன். உங்க பேருக்கு முழு விலையில தரக் கூடாதுன்னு நீங்களே சொல்லி வெச்சிருக்கீங்களாமா. அந்த உடும்பு பிடிச்ச பிடியை விடலை. நான் போய்ட்டு வரேன். நீங்க எந்தத் தள்ளுபடியில வருவீங்களோ, வந்து சேருங்க. ஆனா எங்க அப்பா அம்மா ஸ்டேஷனுக்கு மேளத்தோட வருவாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க."

கடைசி வார்த்தையை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். செங்கோடனுக்கு அது உறைத்தது. கண்டிப்பாக வந்துவிடுவேன், அதுவும் பாதி விலையில் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்தார்.

ஸ்டேஷன் சுவரில் சலுகைப் பலகை ஒன்று தொங்கியது. செங்கோடன் அதன் முன்னால் போய் நின்றார். படிக்கும் குட்டிகளுக்குச் சலுகை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த மான்களுக்குச் சலுகை. கூத்துக் கட்டும் மயில்களுக்குச் சலுகை, மழைக்காலம் நீங்கலாக. முதியோருக்கான சலுகை என்று எழுதி அதன் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. பலகைக்குக் கீழே ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது.

"அந்தச் சலுகை என்னங்க ஆச்சு?" என்று செங்கோடன் ஆமையிடம் கேட்டார்.

"நிறுத்தி வெச்சிருக்காங்க தம்பி. நான் வாலிபத்துல ஊரைவிட்டுக் கெளம்பினேன், வயசானப்பறம் பாதி விலையில போலாம்னு. இங்க வந்து சேர்றதுக்கும் சுண்ணாம்பு அடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு."

"இப்ப என்ன பண்றீங்க?"

"மழை வந்தா சுண்ணாம்பு கரையுதான்னு பாக்கறேன்."

செங்கோடன் பலகையின் கடைசி வரிக்கு வந்தார். பகலில் கண் தெரியாதவர்களுக்குப் பகல் வண்டியில் பாதிக் கட்டணம். உடன் வரும் துணைக்கும் பாதிக் கட்டணம்.

அவர் வால் சிலிர்த்து நின்றது. பகலில் கண் தெரியாதவர் என்றால் காட்டில் ஒருவர்தான். ஆலமரத்துப் பொந்தில் இருக்கும் ஆந்தை மாரக்காள்.

மாரக்காள் தனியாக இருப்பவர். வாய் அதிகம். செங்கோடன் மரத்தடியில் நின்று விஷயத்தைச் சொன்னதும் பொந்திலிருந்து எட்டிப் பார்க்காமலே பதில் வந்தது.

"நான் கண்ணு வைத்தியத்துக்குப் போறேன் கண்ணு. பாசஞ்சர்லதான் போவேன். தொணைக்கு நெறையப் பேரு வரேன்னு சொல்லியிருக்காங்க. நீ வந்தா டீ, வடை எல்லாம் உன்ற செலவு."

"ஆகட்டுங்க."

"ஜன்னலோரம் எனக்கு."

"உங்களுக்குத்தான் வெளியில தெரியாதுங்களே?"

"காத்து வருமில்ல?"

பாசஞ்சர் பனங்காடு வழியாகத்தான் போகும் என்பது செங்கோடனுக்குத் தெரியும். பனங்காட்டில் இறங்கிக்கொள்ளலாம், கிழவி அதற்கப்புறம் தானே போய்க்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். உடும்பிடம் அவர் விலையை மட்டும் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் விரைவு வண்டி கிளம்பியது. முயல், மந்தி, முள்ளம்பன்றி என்று பெட்டி பிதுங்கியது. பாவாயி சீர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்துப் போனாள். சற்று நேரத்தில் பாசஞ்சர் வந்தது. செங்கோடன் மாரக்காளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏறினார்.

பயணம் சுகமாகத் தொடங்கியது. அந்த வண்டியில் பாதி விலைக்காரர் அவர்கள் இருவர் மட்டும்தான் என்று தெரிந்ததும் செங்கோடனுக்குத் தலை கனத்தது. எதிரே உட்கார்ந்திருந்த நாரை, கேட்காமலே, எப்படி அந்த டிக்கெட் கிடைத்தது என்ற கதையை இரண்டு தடவை கேட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாரக்காளுக்குப் பசித்தது.

"இது என்ன ஊரு கண்ணு?"

"இலந்தைமேடுங்க."

"இங்க போண்டா நல்லா இருக்கும்."

இலந்தைமேட்டில் போண்டா. அடுத்த ஊரில் சுண்டல். அதற்கடுத்த ஊரில் டீ, அது ஆறிவிட்டதென்று இன்னொரு டீ. மிச்சம் பிடித்த கொட்டை எல்லாம் ஆந்தையின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது டிக்கெட் செலவில் சேராது என்பதால் செங்கோடனுக்கு வலிக்கவில்லை.

மத்தியானம் கழிந்து பனைமரங்கள் தென்பட்டன. தூரத்திலேயே தவில் சத்தம் கேட்டது. வண்டி பனங்காட்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. நடைமேடையில் மாமனார் தலைப்பாகையோடு நின்றார். மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். புது வேட்டியில் குமரேசன் கூச்சத்தோடு நின்றான். எல்லாருக்கும் முன்னால் பாவாயி, அரக்கு நிறப் புடவையில், ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் வரனுங்க" என்று மாரக்காளிடம் சொல்லிவிட்டுச் செங்கோடன் வாசலுக்குப் பாய்ந்தார்.

வாசலை அடைத்துக்கொண்டு டிடிஆர் நின்றார். அவர் ஒரு காட்டெருமை. வாசலை அடைக்க அவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, நின்றால் போதும்.

"டிக்கெட்?"

செங்கோடன் பெருமையாக நீட்டினார்.

"துணை டிக்கெட்டா? கூட வந்தவங்க எங்க?"

"அவங்க கடைசி ஸ்டாப் போறாங்க. நான் இங்க எறங்கிக்கிறேன்."

"அதெப்படி? அவங்களை விட்டுட்டு நீங்க எறங்கினா நீங்க எப்படித் துணை? துணைக்கு வந்தவர் அவங்க எறங்கற எடத்துலதான் எறங்கோணும். விதி."

பின்னாலேயே தடவிக்கொண்டு வந்த மாரக்காள் ஒரு காலால் அவர் வாலைப் பிடித்துக்கொண்டார். "விட்டுட்டுப் போயிடாதே கண்ணு. வெளிச்சத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஐயா, என்ற மச்சினன் கல்யாணமுங்க. அதோ மேளம். அதோ என்ற சம்சாரம்!"

காட்டெருமை எட்டிப் பார்த்தார். இரக்கப்பட்டார். "எறங்கலாமுங்க. நான் தடுக்கலை. உங்க ரெண்டு பேர் டிக்கெட்டையும் முழுக் கட்டணமா மாத்திட்டு, அபராதத்தையும் கட்டிட்டு எறங்கிக்குங்க."

செங்கோடன் மடியைத் தொட்டார். கொட்டை இருந்தது. கட்டினாலும் கொஞ்சம் மீதி இருக்கும். அவர் கை மடிக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை.

முழுக் கட்டணம். அதன் மேல் அபராதம். அதுவும் இரண்டு பேருக்கு. நாளைக்குக் காட்டில் முயல்கள் என்ன சொல்லும்? மரங்கொத்தி என்ன சொல்லும்?

"அபராதத்துல ஏதாவது கொறைச்சுக்குவீங்களா?" என்று அவர் கேட்டார்.

அந்த நேரத்தில் பாவாயி அவரைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து இரண்டு அடி ஓடி வந்தாள். அவர் கை மடிக்குள் இருப்பதையும், உதடு எதையோ கூட்டிக் கழித்து முணுமுணுப்பதையும் கண்டதும் நின்றுவிட்டாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த உதட்டைப் பார்த்தவள்.

வண்டி ஊதியது. நகர்ந்தது. தவில்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக அடித்தார்கள். மாமியார் தட்டை யாருக்குச் சுற்றுவதென்று தெரியாமல் ரயிலுக்கே சுற்றினார். பாவாயி மெதுவாகக் கையைத் தூக்கி அசைத்தாள். காலையில் அசைத்தது போலவே.

பனைமரங்கள் மறையும் வரை செங்கோடன் வாசலிலேயே நின்றார். கை மடியிலேயே இருந்தது.

கடைசி ஸ்டாப் கடலோரத்து அலையாத்திக் காடு. கண் வைத்தியம் செய்யும் கொக்கின் வீட்டில் மாரக்காளை இறக்கிவிட்டுச் செங்கோடன் சேற்றோரம் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. பொழுது சாயச் சாய மாரக்காளுக்குக் கண் தெரிய ஆரம்பித்தது. செங்கோடனின் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, எறங்கியிருக்கலாமே?"

"நீங்கதானே வாலைப் பிடிச்சுக்கிட்டீங்க?"

"நான் வாலைப் பிடிச்சேன். கையை யாரு பிடிச்சா?"

செங்கோடன் தன் கையைப் பார்த்தார். அவர் அழுதார். கீரிப்பிள்ளை அழுது பார்த்திராத நண்டுகள் வளைக்குள் போய்விட்டன.

ஊர் திரும்பும் வண்டி மறுநாள் மத்தியானம்தான் இருந்தது, அவர் அதற்குப் போனார். மாரக்காள் உடன் இல்லாததால் சலுகை இல்லை. ஜன்னலில் சொன்ன விலையை, ஒரு கேள்வியும் கேட்காமல், முழுதாக எண்ணி வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. டிக்கெட்டை வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். உடம்பு லேசானது போல இருந்தது. வண்டி பனங்காட்டைக் கடந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை ஆடுகள் இழுத்துக்கொண்டிருந்தன. அவர் முகத்தை ஜன்னலுக்குக் கீழே தாழ்த்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பாவாயி வந்தாள். செங்கோடன் வாசலைப் பெருக்கி, தண்ணீர் வைத்து, கைகட்டி நின்றார்.

"பாவாயி, என்னை மன்னிச்சுடு. இணைச்சீர் நடந்துச்சா?"

"நல்லபடியா நடந்துச்சுங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்."

"புள்ள, நான் திருந்திட்டேன். முழு விலை குடுத்துத்தான் ஊரு வந்து சேந்தேன். இனிமே தள்ளுபடின்னு ஒரு வார்த்தை என்ற வாயில வராது. எங்க போனாலும் முழுக் கட்டணம். நாம ரெண்டு பேரும் ஒரே வண்டியில, பக்கத்துப் பக்கத்து சீட்ல, ஒண்ணாப் போறோம். இது சத்தியம்."

இப்படிச் சொன்னதும் பாவாயியின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். பாவாயியின் முகம் சுருங்கியது. கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு அந்தப் பயணம் கண்ணுக்குள் நின்றது. போகும்போது ஜன்னலோரம். பக்கத்தில் ஒரு நாமக்கோழி அம்மாள், யாரென்றே தெரியாது, பனங்காடு வரும் வரை இருவரும் வாய் மூடவில்லை. பசித்தபோது வடை வாங்கினாள். வடையின் விலையை யாரும் பக்கத்து ஸ்டேஷன் வடையோடு ஒப்பிடவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கினாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு வருமா என்று யாரும் விசாரிக்கவில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் பூசணிக்காய் என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டு யாரும் அவளைத் தலைகுனிய வைக்கவில்லை. தங்கைகளோடு விடிய விடியப் பேசினாள். வரும்போது கால் நீட்டித் தூங்கினாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் இவ்வளவு சிரித்தது அப்போதுதான்.

ஸ்டேஷனில் வருத்தமாகத்தான் இருந்தது. அது பனைமரங்களுக்குப் பின்னால் வண்டி மறையும் வரை இருந்தது.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "இதுக்குப் போய் மனசை விடலாமுங்களா? ஒரு தடவை சறுக்கினதுக்கு உங்க கெட்டிக்காரத்தனத்தையே விட்டுடறதா?"

"வேண்டாம் புள்ள. போதும்."

"காடே உங்களைத்தானே பேசுது. பாதி விலையில கடல் வரைக்கும் போனவர்னு முயலெல்லாம் சொல்லுதுங்க. நாளைக்கு நீங்க முழு விலை குடுத்தா நான் எப்படிங்க தண்ணிக்குப் போற எடத்துல தலை நிமிந்து நடப்பேன்?"

செங்கோடன் நிமிர்ந்தார். "நெசமாவா சொல்றாங்க? கடல் வரைக்கும்னா?"

"கடல் வரைக்கும்னுதான்."

அவருடைய மீசை மெல்ல மேலே ஏறியது. உதடு எதையோ கூட்டிப் பார்க்கத் தொடங்கியது. பாவாயி அதைப் பார்த்தாள். அவர் சாப்பிட்டு அசந்ததும் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

"பொங்கலுக்குப் பனங்காட்டுக்கு ஒரு டிக்கெட் குடுங்க. முழு விலையில" என்றாள் உடும்பிடம். பிறகு ஜன்னலுக்குள் குனிந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு வேற ஏதாவது சலுகை இருக்குங்களா?"

"எந்த ஊருக்குங்க?"

"எந்த ஊரா இருந்தாலும் சரிங்க. என்ற வண்டியா மட்டும் இருக்கக் கூடாது."

அன்றுதான் அந்த உடும்பு முதல் முறையாகச் சிரித்ததாகக் காட்டில் சொல்லிக்கொள்கிறார்கள்.

நீதி: கணவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியே மனைவிக்குக் கிடைக்கும் விடுமுறை.